ஆஸ்பத்திரி கேட்டும் எங்கள் அண்ணியும்

எங்கள் அண்ணியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "அவகிட்ட சொல்லிட்டியா?" என்பதுதான். சொல்லவில்லை. சொன்னால் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தம் போட ஆரம்பித்துவிடுவார். அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் அவர் திருத்தாத விஷயம் ஒன்றும் பாக்கியில்லை. நான் கதவைச் சாத்தும் விதம், என் மனைவி துணி உலர்த்தும் விதம், அண்ணன் தும்மும் விதம், எல்லாம் அவர் வாயில் விழுந்து எழுந்தவைதான்.

அண்ணி பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். தரைத்தளத்தின் கோடியில் இருக்கும் கட்டுப் போடும் அறை அவருடைய ராஜ்யம். ஒரு ஜன்னல், ஒரு நீளப் பெஞ்சு, காலைத் தூக்கி வைக்க ஒரு இரும்பு ஸ்டூல், மூடி போட்ட தட்டுகளில் பஞ்சும் துணிச்சுருளும். மருந்து நெடி வாசலிலேயே மூக்கைப் பிடிக்கும். வருகிறவர்கள் அவரைக் கட்டுக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். அந்த அறையில் அவர் திட்டுவது மாடி வார்டு வரைக்கும் கேட்கும் என்பார்கள். இந்தக் காலை வைத்துக்கொண்டு இத்தனை நாள் எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போயிருந்தாய் என்று வாய் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, கை பழைய கட்டை வலி தெரியாமல் அவிழ்த்திருக்கும். திட்டு வாங்கியவர்களே மறுபடி அவரைத் தேடித்தான் வருவார்கள்.

கூச்சம், அடக்கம் என்றெல்லாம் அவரிடம் எதிர்பார்க்க முடியாது. தான் போட்ட கட்டு நழுவி யாரும் பார்த்ததில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். உண்மைதான் என்பதால் நாங்களும் வாயை மூடிக்கொண்டு இருப்போம்.

அவர் எங்கள் வீட்டுக்குப் போட்ட சட்டம் ஒன்று உண்டு. தன் பெயரைச் சொல்லிக்கொண்டு எங்கள் வீட்டு ஆள் யாரும் ஆஸ்பத்திரிக்குள் நுழையக் கூடாது. ஒருமுறை அண்ணன் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். காலை முழுக்க வரிசையில் நின்றார். அண்ணி அந்த வழியாக இரண்டு மூன்று தடவை போனார், வந்தார். ஒரு தடவை மட்டும் நின்று, எலும்பு டாக்டர் வந்துவிட்டாரா என்று கேட்டுவிட்டு நகர்ந்தார். வரிசையில் பின்னால் நின்றவர், அந்த நர்ஸம்மாவுக்கும் உங்களுக்கும் ஏதாவது பகையா என்று விசாரித்தாராம். இல்லை, கல்யாணம் என்று சொன்னாராம் அண்ணன்.

கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் அண்ணி அதில் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். தெரிந்தவனை முன்னால் விட்டால் தெரியாதவன் பின்னால் போகிறான், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம் என்பார். அந்தச் சட்டமே பின்னால் எங்கள் வீட்டுக்குள் ஒரு காலைப் பதம் பார்த்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்களுடையது ஒரே வீடு. கீழே அண்ணனும் அண்ணியும், மாடியில் நானும் என் மனைவியும். நான் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிரில், கைப்பிடி என்று தடுக்கிற சாமான் செய்து பிழைக்கிறவன். என் மனைவி சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிறாள். சில வருஷங்களாக அவளுக்குச் சர்க்கரை.

ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்கு என்று தனி கிளினிக் உண்டு. நல்ல டாக்டர், நல்ல மருந்து, எல்லாம் இலவசம். குறை சொல்ல இடமில்லை. ஆனால் அது காலையில் ஆரம்பித்து மதியத்தோடு முடிந்துவிடும். தையல் மேஜைகள் வரிசையாக இருக்கும் அந்தத் தொழிற்சாலையில், காலையில் ஒரு ஆள் வராவிட்டால் அவள் மேஜையில் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார்கள். மறுநாள் போனால் நூல் வெட்டும் இடத்துக்குத் தள்ளிவிடுவார்கள். என் மனைவி இரண்டு தடவை கிளினிக் போய், இரண்டு தடவை நூல் வெட்டியிருக்கிறாள். மூன்றாவது தடவை போகவில்லை. பழைய சீட்டைக் காட்டிக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டாள். அவள் மட்டுமில்லை, அந்த வரிசையில் பாதிப் பேர் அப்படித்தான்.

கிளினிக்குக்கு வருகிறவர்கள் யார், கட்டுப் போடும் அறைக்கு வருகிறவர்கள் யார் என்று அண்ணி ரொம்ப நாளாகக் கவனித்துக்கொண்டிருந்தார். கிளினிக் பெஞ்சில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கிறவர்கள், லீவு சொல்லிவிட்டு வர முடிந்த அலுவலகக்காரர்கள் இருப்பார்கள். மூட்டை தூக்குகிறவர், சலவைக்காரர், தையல்காரி, தெருக் கூட்டுகிறவர் யாரையும் அங்கே பார்க்க முடியாது. அவர்கள் எல்லாம் சில வருஷம் கழித்து, கறுத்துப் போன விரலோடு அண்ணியின் ஸ்டூலுக்கு வந்து சேர்வார்கள். அதே நோய், அதே ஆஸ்பத்திரி, அதே இலவச மருந்து. ஒருவருக்குக் கால் இருக்கிறது, இன்னொருவருக்கு இல்லை. நடுவில் இருப்பது கடிகாரம் ஒன்றுதான் என்று அண்ணி வீட்டில் வந்து கரடியாய்க் கத்துவார். ஏதோ நாங்கள்தான் அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்த மாதிரி.

அந்தச் சமயத்தில்தான் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் கிடைக்கிற வைத்தியத்தில் உள்ள ஏற்றத்தாழ்வைக் குறைக்க, ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தன் நடைமுறையில் ஒரு மாற்றம் செய்து பார்க்க வேண்டும் என்று. ஆஸ்பத்திரித் தலைமை டாக்டர் எல்லாரையும் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார். பெரிய டாக்டர் என்று எல்லாரும் சொல்கிற அந்த அம்மாள், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேஜை முழுக்கத் தேடுகிறவர். கேலி ஒரு பக்கம் இருக்கட்டும், காது கொடுத்துக் கேட்கிறவர். ஒருவர் புது மெஷின் வேண்டும் என்றாராம். இன்னொருவர் சுவரொட்டி அடித்து விழிப்புணர்வு உண்டாக்கலாம் என்றாராம். அண்ணியின் முறை வந்தது.

"புதுசா ஒண்ணும் வேணாம் டாக்டர். சர்க்கரை கிளினிக்கை வாரத்துல ரெண்டு நாள் சாயங்காலம் வைங்க. வேலை விட்டு வர்றவங்க வரட்டும்."

பெரிய டாக்டர் உடனே ஒப்புக்கொண்டார். திங்கள், வியாழன் இரண்டு நாளும் மாலை ஐந்தரையிலிருந்து எட்டு வரைக்கும் என்று முடிவானது. மூன்று மாதம் நடத்திப் பார்ப்பது, வேலை செய்கிற ஜனங்கள் வந்தால் நிரந்தரமாக்குவது, வராவிட்டால் நிறுத்திவிடுவது. ஒரு சின்ன டாக்டர், ரத்தம் பார்க்க ஒருவர், மருந்து கொடுக்க ஒருவர், கால் பார்க்க அண்ணி. மருந்து கொடுக்கிறவர் மட்டும் தன் சாயங்காலம் போச்சே என்று புலம்பினாராம். அண்ணி பார்த்த பார்வையில் புலம்பல் பாதியிலேயே நின்றுவிட்டது.

அண்ணி சும்மா இருக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொழிற்சாலை வாசலுக்கே போய் நின்று சொன்னார். சந்தையில் மூட்டை இறக்குகிறவர்களிடம் போய்ச் சொன்னார். சலவைக் கூடத்தில் ஆவிக்கு நடுவே நின்று சொன்னார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். வீட்டில் என் மனைவியிடமும் சொன்னார். சொன்னதோடு, வழக்கமான சட்டத்தையும் சேர்த்துக்கொண்டார். "வா. ஆனா என் ஓரகத்தின்னு சொல்லிக்கிட்டு வராதே. எல்லாரையும் போல வா."

முதல் வாரம் கிளினிக்கில் ஈ ஓட்டினார்கள். அடுத்த வாரம் சிலர் வந்தார்கள். யார் என்று பார்த்தால், ரத்தம் பார்க்கிறவருடைய மச்சான், ஆபீஸ் குமாஸ்தாவின் சம்பந்தி, சின்ன டாக்டர் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர். காலையிலேயே வர முடிந்தவர்கள்தான், கூட்டம் இல்லையே என்று மாலைக்கு மாறிக்கொண்டார்கள். மூட்டைக்காரர் ஒருவரும் இல்லை. தையல்காரி ஒருத்தியும் இல்லை. வாரம் போக வாரம் அதே கதைதான்.

அண்ணிக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது. மறுபடியும் தொழிற்சாலை வாசலில் போய் நின்று, உங்கள் காலைப் பற்றி உங்களுக்கே அக்கறை இல்லையா என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு சரிங்க, சரிங்க என்றார்களாம். அந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வந்து மாடிப்படியில் என் மனைவியைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் இருக்கிற உனக்கே வர முடியவில்லை, ஊரைச் சொல்லி என்ன செய்ய என்றார். என் மனைவி விறுவிறுவென்று மேலே ஏறி வந்துவிட்டாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. மேலே உப்பு தீர்ந்தால் நான் இறங்கி வாங்கி வர வேண்டும். கீழே ஊசிநூல் தேவைப்பட்டால் அண்ணன் ஏறி வர வேண்டும். நாங்கள் அண்ணன் தம்பி அவ்வளவு அன்னியோன்னியமாகப் பழகியது அந்த நாட்களில்தான்.

இரண்டு மாதம் தாண்டியபோது பெரிய டாக்டர் ஒரு வியாழக்கிழமை மாலை வீட்டுக்குப் போகாமல் கிளினிக்கைப் பார்க்க வந்தார். மூடிவிடலாம் என்ற முடிவோடுதான் வந்தார் என்று அண்ணிக்கே தெரியும். அன்றைக்குப் பார்த்து ஜனம் பெஞ்சு கொள்ளாமல் வந்து உட்கார்ந்தது. தோளில் துண்டும் தூசியுமாக மூட்டைக்காரர்கள், கழுத்தில் அளவு நாடாவைக் கழற்ற மறந்து வந்த தையல்காரிகள். அண்ணி வாயைப் பிளந்துவிட்டார். பெரிய டாக்டர் சந்தோஷப்படவில்லை. நான் வருகிறேன் என்று தெரிந்து ஆள் திரட்டினீர்களா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். அண்ணியை அதைவிடக் காயப்படுத்துகிற கேள்வி உலகத்தில் கிடையாது. இல்லை என்று மட்டும் சொன்னாராம். அடுத்த திங்கட்கிழமை பெரிய டாக்டர் வரவில்லை. கிளினிக் மறுபடி காலி. இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று பெரிய டாக்டர் சொல்லியனுப்பினார்.

அந்த வியாழக்கிழமை என் மனைவிக்குத் தொழிற்சாலையில் கூடுதல் நேர வேலை. அவள் அந்தக் கூட்டத்தில் இல்லை. இருந்திருந்தால் விஷயம் அன்றைக்கே வெளிச்சத்துக்கு வந்திருக்கும்.

வெளிச்சத்துக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மனைவி வாளியோடு மாடிப்படி கழுவிக்கொண்டு இறங்கினாள். அண்ணி கீழே கதவோரம் நின்றிருந்தார். பேச்சு இல்லையே தவிரப் பார்வை இருந்தது. மனிதர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் நடையைப் பார்க்கிறவர் அவர். இவள் இடது பாதத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து ஊன்றுவதைப் பார்த்துவிட்டார். வாளியைப் பிடுங்கி ஓரமாக வைத்தார். படியிலேயே உட்காரச் சொல்லிக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

சுண்டு விரலுக்கு அடியில் புண். தொழிற்சாலையில் மிஷின் மிதியில் உராய்ந்து உராய்ந்து வந்தது. ஏதோ மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்றாளே தவிர, அவளுக்கு வலியே தெரியவில்லை. வலி தெரியாததுதான் இந்த நோயில் மோசம் என்று அண்ணி எத்தனையோ தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் பார்த்தேன். வெல்டிங் பொறி கையில் தெறித்தாலும் அசராத ஆள் நான். படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கிளினிக்குக்கு வந்து காலைக் காட்டியிருந்தால் இந்த நிலைமை வந்திருக்குமா என்று அண்ணி ஆரம்பித்தார்.

"வந்தேன் அக்கா," என்றாள் என் மனைவி. "ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை வந்தேன். கேட்ல வாட்ச்மேன் உள்ள விடல."

ஏன் விடவில்லை என்று கேட்டார் அண்ணி.

"உள்ள யாரைத் தெரியும்னு கேட்டார். யாரையும் தெரியாதுன்னு சொன்னேன். நீங்கதானே சொல்லக் கூடாதுன்னீங்க. டாக்டர் போயாச்சு, காலைல வான்னுட்டார். என்கூட எங்க வரிசையில இருந்து நாலஞ்சு பேர் வந்தாங்க. எல்லாருக்கும் அதே பதில்தான்."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அண்ணி கேட்டார். இதில் சொல்ல என்ன இருக்கிறது என்றாள். ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்புவது புதுசா என்ன என்றாள். தொழிற்சாலைப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு சரிங்க என்று சொன்னதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. மழை பெய்தால் நனைவதை யாராவது போய்ப் புகார் சொல்வார்களா? அவர்களுக்கு அது அந்த மாதிரி.

அண்ணன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் கெட்டிக்காரர். அன்றைக்கும் விடவில்லை. உன் பெயரை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உள்ளே விட்டிருப்பானே, எல்லாம் உன் சட்டத்தால் வந்த வினை என்றார். அண்ணி நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

"இவளுக்குச் சொல்ல என் பேர் இருக்கு. கூட வந்த நாலு பேரு யார் பேரைச் சொல்லுவாங்க?"

அண்ணி புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டார். நாளைக் காலையில் என்னோடு வா, நானே டாக்டரிடம் காட்டுகிறேன் என்றார். என் மனைவி ஒரு பிடிவாதக்காரி, அண்ணிக்குச் சளைத்தவள் இல்லை. உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு பின்வாசல் வழியாக வர மாட்டேன், என் மேஜையையும் விட மாட்டேன், கேட்டைத் திறந்தால் வருகிறேன் என்றுவிட்டாள். அண்ணி மறுபடி கட்டை அவிழ்த்து, புண்ணை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னும் ஆழமாகப் போகவில்லை. தினமும் தானே கழுவிக் கட்டினால் வியாழக்கிழமை வரைக்கும் தாங்கும், அதைத் தாண்டக் கூடாது என்றார். நடுவில் கொஞ்சம் சிவந்தாலும் மேஜையாவது மண்ணாங்கட்டியாவது, தம்பி உன்னைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வருவான் என்றார். நானும் தலையாட்டினேன். வியாழனுக்குள் அந்த கேட் திறந்தாக வேண்டும்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். காரில் வருகிற பெரிய டாக்டரைத் தவிர, ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் சமையல்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற சின்னக் கதவு வழியாகத்தான் போய் வருவார்கள். அண்ணி முன்பக்க கேட்டைத் தாண்டி வருஷக்கணக்காகிறது. சாயங்காலம் அங்கே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. திங்கட்கிழமை மாலை முதல் தடவையாக முன்பக்கம் போனார். சண்டை போடத்தான் போனார்.

வாட்ச்மேனுக்கு ஆஸ்பத்திரியில் கேப்டன் என்று பட்டப்பெயர். சட்டையை இஸ்திரி போட்டு, விசிலைக் கயிற்றில் மாட்டிக்கொண்டு, கல்லில் செதுக்கிய மாதிரி நிற்பார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பது பேச ஆரம்பித்த உடனே தெரிந்துவிட்டது. மாலை ஐந்து மணிக்கு கேட்டைச் சாத்திவிட வேண்டும், அதற்குப் பிறகு உள்ளே இருக்கும் ஆளைத் தெரிந்தவர்களை மட்டும் கேட்டிலுள்ள சின்னத் திட்டிவாசல் வழியாக விட வேண்டும் என்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட உத்தரவு. படுக்கையில் இருக்கிற நோயாளியைப் பார்க்க வருகிறவர்களுக்காக எப்போதோ போட்டது. பெரிய டாக்டரின் கார் வெளியே போனால் டாக்டர் வேலை முடிந்தது என்று அவருக்குக் கணக்கு. மாலை கிளினிக் பற்றிப் பெரிய டாக்டர் எல்லாப் பிரிவுக்கும் சொல்லியனுப்பியிருந்தார். காவல் மட்டும் எந்தப் பிரிவிலும் சேராதது, வெளிக் கம்பெனியின் ஆள். யாருக்கும் அது தோன்றவில்லை. எங்கள் அண்ணிக்கும்தான்.

"எனக்கு யாரும் சொல்லலைங்களே," என்றார் கேப்டன். "அன்னைக்கு வியாழக்கிழமை பெரிய டாக்டர் கார் போகாம நின்னுச்சு. சரி, டாக்டர் இருக்காங்கன்னு எல்லாரையும் விட்டேன்."

அண்ணி அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சண்டைக்கு என்று சேர்த்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் வீணாய்ப் போனது. இரண்டு மாதமாக ஜனம் வந்துகொண்டுதான் இருந்தது. ஒரு கார் நிற்கிறதா போகிறதா என்பதைப் பொறுத்து அவர்களுக்கு வைத்தியம்.

அங்கிருந்து நேராகப் பெரிய டாக்டரின் அறைக்குப் போனார். அவர் கிளம்பிக்கொண்டிருந்தார். அண்ணி விவரம் சொல்லவில்லை. காரை முன்னால் அனுப்பிவிட்டு என்னோடு கொஞ்சம் வாருங்கள் என்று மட்டும் கேட்டார். கார் வெளியே போனது. கேப்டன் கேட்டைச் சாத்தினார். இரண்டு பேரும் கேட்டுக்கு உள்பக்கம், தண்ணீர்த் தொட்டி மறைவில் நின்றார்கள். ஆஸ்பத்திரித் தலைமை டாக்டரைத் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைக்கிற தைரியம் எங்கள் அண்ணிக்குத்தான் வரும்.

கொஞ்ச நேரத்தில் தோளில் துண்டோடு ஒருவர் வந்தார். கேப்டன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். உள்ள யாரைத் தெரியும்? யாரையும் தெரியாதுங்க, சர்க்கரைக்கு மாத்திரை வாங்கணும் என்றார் வந்தவர். டாக்டர் போயாச்சு, காலைல வாங்க. வந்தவர் சரிங்க என்றார். திரும்பினார். துண்டை உதறி மறு தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கெஞ்சவில்லை, வாதாடவில்லை.

பெரிய டாக்டர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டாராம். "எவ்வளவு சாதாரணமாத் திரும்பிப் போறார் பாருங்க," என்றாராம். அதற்குள் அண்ணி தெருவுக்கு ஓடி அந்த மனிதரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். என்ன தப்பு செய்தோமோ என்று அவர் வெலவெலத்துப் போனாராம். அன்று மாலை கிளினிக்குக்கு வந்த ஒரே மூட்டைக்காரர் அவர்தான். அவரைப் பெரிய டாக்டரே பார்த்தார். பார்த்து முடித்ததும், மாலை கிளினிக் நிற்காது என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

கேட் விஷயம் அவ்வளவு சுலபத்தில் முடியவில்லை. மறுநாள் காவல் கம்பெனியின் மேலாளர் வந்து, எல்லாரையும் விட்டால் திருட்டுப் போகும், வேண்டுமானால் காலையில் ஆபீசில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு மாலையில் வரட்டும் என்று யோசனை சொன்னார். காலையில் வர முடியாது என்றுதானே சாயங்காலம் வைத்தோம் என்று அண்ணி கேட்டதில் அவருடைய மூக்கு உடைந்தது. பெரிய டாக்டரும் அண்ணி பக்கமே நின்றார். பழைய உத்தரவு போயிற்று. கிளினிக் நடக்கும் நாளில் எட்டு மணி வரைக்கும் கேட் அகலத் திறந்திருக்க வேண்டும், வருகிறவர்களை ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது என்று புது உத்தரவு வந்தது. கேப்டன் அதையும் அதே விறைப்போடு ஏற்றுக்கொண்டார். உத்தரவு என்றால் அவருக்கு உத்தரவுதான்.

ஒரு சின்னச் சிக்கல் பாக்கி இருந்தது. அந்த கேட் சரிவில் இருக்கிறது. திறந்து விட்டால் தானாகவே வந்து மூடிக்கொள்ளும். கல்லை வைத்தால் நகர்ந்துவிடும். எங்கள் வீட்டில் ஒரு வெல்டர் இருக்கிறார் என்று அண்ணி பெரிய டாக்டரிடம் சொல்லிவிட்டார். தன் பெயரைச் சொல்லி எனக்கு அவர் வாங்கிக் கொடுத்த ஒரே வேலை அதுதான், அதுவும் கூலியில்லாத வேலை. வியாழக்கிழமை மதியம் போனேன். இத்தனை வருஷம் எத்தனையோ கேட்டுக்குத் தாழ்ப்பாள் பற்றவைத்திருக்கிறேன். திறந்தது திறந்தபடி நிற்பதற்கு ஒரு கொக்கியைச் சுவரில் பதித்துப் பற்றவைத்தது அன்றைக்குத்தான். சூடு ஆறும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன். கேப்டன் கொக்கியை மாட்டி இழுத்துப் பார்த்துவிட்டு, அசையாது என்றார்.

இப்போது அந்த மாலை கிளினிக்குக்கு நிற்க இடம் கிடைப்பதில்லை. கர்ப்பிணிகளுக்கும் ரத்த அழுத்தக்காரர்களுக்கும்கூட மாலை நேரம் வந்துவிட்டது. வேறு ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர்களிடம் அண்ணி முதலில் கேட்பது, உங்கள் ஆஸ்பத்திரிக்கு நீங்கள் எந்த வாசல் வழியாகப் போகிறீர்கள் என்பதுதான். கட்டுப் போடும் அறையில் கறுத்த விரல்கள் குறைந்துகொண்டு வருகின்றன. எனக்கு வேலையே இல்லாமல் ஆக்கிவிடுவார்கள் போலிருக்கிறது என்று அலுத்துக்கொள்வார். அதைப் போல அவர் முகம் மலர்ந்து அலுத்துக்கொள்கிற விஷயம் வேறில்லை. என் மனைவியின் விரல் தப்பியது. ஆற இரண்டு மாதம் ஆனது, ஆனாலும் விரல் காலோடு இருக்கிறது. என் அண்ணி மாதிரி ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை. இதை அவர் முகத்துக்கு நேரே சொன்னால் பேச்சை நிறுத்து, கதவைச் சாத்து என்பார். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கொக்கி பதித்த அந்த வியாழக்கிழமை மாலை என் மனைவி வேலை முடிந்து, தன் வரிசைப் பெண்கள் நாலைந்து பேரோடு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். கிளினிக்கில் அண்ணி அவளைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. வரிசையில் உட்கார வைத்து, முறை வந்தபோது கூப்பிட்டு, செருப்பு சரியில்லை என்று எல்லாருக்கும் நடுவில் திட்டியிருக்கிறார். சின்ன டாக்டர் பார்த்து ஊசியும் மருந்தும் கொடுத்தார். வீட்டுக்கு வந்தபோது நானும் அண்ணனும் சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தோம். டாக்டர் என்ன சொன்னார், விரலுக்கு ஒன்றும் ஆகாதே என்று நான் கேட்டேன். அவள் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். டாக்டர் சொன்னதை அவள் அப்புறம்தான் சொன்னாள்.

"இன்னைக்கு கேட்ல என்னை யாரும் ஒண்ணும் கேக்கல," என்றாள். "நேரா நடந்து உள்ள போனேன்."